எலிப்பொறி வைத்த நிலக்கிழார்

மதுரை மேல மாசி வீதியில் மாமா நடத்திய ஸ்டுடியோவை மூடி ஆண்டுகள் பல ஆகிவிட்டன. மிச்சம் இருப்பவை அட்டைப்பெட்டிகளில் அடுக்கிவைத்த நெகட்டிவ்கள்தான். சென்ற வாரம் அவற்றில் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, வெளுத்த தலைமுடியும் கருத்த பற்களுமாக ஒரு கல்யாண மாப்பிள்ளை சிரித்தார். "ஓரத்தைப் பிடி மாப்ள, நடுவுல கை வைக்காதே" என்று மாமா அதட்டுவது நினைவுக்கு வந்தது. கறுப்பு வெள்ளையாகவும் வெள்ளை கறுப்பாகவும் மாறி நிற்கும் இந்த நெகட்டிவுக்கு மூலவர், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் பண்ணை நிலங்களும் ஒரு பழைய கன்னியர் மடத்து மாளிகையும் வைத்திருந்த வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட்.

1800இல் பிறந்தவர். ஒரு வயது நிரம்பும் முன்பே தந்தை கடனை வைத்துவிட்டு இறந்துபோக, லேகாக் என்ற அந்தச் சொத்தை மீட்டெடுத்தவர்கள் தாயும் மாற்றுத் தந்தையும். 1832இன் இறுதியில் சிப்பன்ஹாம் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற டால்பட், 1835இல் அரசியலை விட்டு விலகினார்.

1833 அக்டோபரில், மனைவி கான்ஸ்டன்ஸோடு இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் இருந்தபோது, பட்டகம் பொருத்திய ஒரு கருவியின் துணையோடு அவர் இயற்கைக் காட்சியை வரைய முயன்றார். கண்ணை எடுத்ததும் தாளில் மிஞ்சியது வெறும் கிறுக்கல். கை வராத மனிதரின் அந்த எரிச்சலில்தான், காட்சி தன்னைத் தானே தாளில் பதித்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. ஊர் திரும்பியதும், நல்ல தாளைச் சாதாரண உப்புக் கரைசலில் நனைத்து, உலர்ந்த பின் சில்வர் நைட்ரேட் பூசி, வெயில் பட்ட இடம் கறுப்பதைக் கண்டார். அந்தத் தாளை வைக்கச் சிறு சிறு மரப்பெட்டிகள் செய்வித்து மாளிகையைச் சுற்றி ஆங்காங்கே வைத்தார். கான்ஸ்டன்ஸ் அவற்றை 'எலிப்பொறிகள்' என்றே குறிப்பிட்டிருக்கிறார். 1835 ஆகஸ்டில் அப்படியொரு பொறியில் சிக்கிய ஜன்னல் படம் தபால்தலை அளவுதான். ஆனால் எடுத்த புதிதில், லென்ஸ் வைத்துப் பார்த்தால் சுமார் 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்ததாக அவரே குறித்துவைத்தார்.

பிறகு வேறு வேலைகளில் மூழ்கிவிட்டார். 1839 ஜனவரியில் பாரிஸில் டகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை அறிவிக்கப்பட்டதும் பதறிப்போய்த் தன் படங்களை லண்டனில் காட்டினார். டகேரின் படம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பளபளக்கும். ஆனால் ஒன்றே ஒன்றுதான். டால்பட்டின் தாள் நெகட்டிவிலிருந்தோ எத்தனை பிரதிகள் வேண்டுமானாலும் போடலாம். "இன்னும் ஆறு காப்பி" என்று கேட்டு வந்த வாடிக்கையாளர்களால் பிழைத்த எங்கள் குடும்பத்துக்கு அந்த வேறுபாடு சோறு போட்டது.

ஆனாலும் அவரிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1841இல் தன் முறைக்குக் காப்புரிமை பெற்றவர், 1852இல் அதைத் தளர்த்தியபோதுகூட, கூலிக்கு ஆள் படம் எடுப்பவர்களுக்கு மட்டும் விலக்குத் தரவில்லை; ஸ்டுடியோக்காரர்கள் கட்டணம் கட்டியே ஆக வேண்டும் என்றார். பொழுதுபோக்காளருக்கு இலவசம், பிழைப்புக்காரருக்கு வரி! 1854இல் லாரோஷ் என்ற படக்காரர் மீது அவர் தொடுத்த வழக்கில், கண்டுபிடித்தவர் டால்பட்தான், ஆனால் தாளுக்குப் பதில் கண்ணாடியில் நெகட்டிவ் எடுக்கும் லாரோஷின் கொலோடியன் முறை அந்தக் காப்புரிமையை மீறவில்லை என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். நியாயமான தீர்ப்பு என்றே எனக்குப் படுகிறது.

அதற்கு நான்கே ஆண்டுகளில், 1858இன் தொடக்கத்தில், சென்னை மாகாண அரசின் படக்காரரான கேப்டன் லின்னேயஸ் டிரைப் மதுரைக்கு வந்தார். அவர் கொண்டுவந்தது டால்பட் முறையின் வழிவந்த மெழுகுத்தாள் நெகட்டிவ்; முன்கூட்டியே தயாரித்து எடுத்துச் செல்லலாம் என்பதால் நம் ஊர் வெக்கைக்கும் பயணத்துக்கும் அது தோதானது. திருமலை நாயக்கர் மகாலையும், தெப்பக்குளத்தையும், இன்று துணிக்கடைக் கூட்டத்துக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூணையும் அவர் படமாக்கினார். அந்தத் தாள்கள் வானத்தின் மேகத்தைப் பிடிக்கவில்லை. ஆகவே டிரைப் தன் நெகட்டிவ்கள் பலவற்றில் தூரிகையால் மேகங்களைத் தீட்டிச் சேர்த்தார். மாமா அதே வேலையைக் கூர் சீவிய பென்சிலால், முகப்பருத் தழும்புகளின் மேல் செய்தார்; 'டச்சிங்' என்று அதற்குத் தனியே காசு வாங்கினார். நான் தூக்கிப் பார்த்த மாப்பிள்ளையின் இடது கன்னத்தில் அந்தப் பென்சில் கோடுகள் இன்னும் இருக்கின்றன.