ஆறு வருடம் சேர்ந்த சாப்பாடு

எங்கள் நாய் வெள்ளையன் முன்னங்காலை நக்க ஆரம்பித்தது சென்ற கார்த்திகையில். உண்ணி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். தை பிறப்பதற்குள் விரலிடுக்கு ரோமமெல்லாம் செம்மண் நிறமாகிவிட்டது. எச்சில் ஊறி ஊறித்தான் அந்த நிறம் வருமாம். காதைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே ஒரே சிவப்பு. புளித்த மாவு வாடை. சொட்டு மருந்து விட்டால் பத்து நாள் அடங்கும், பிறகு மறுபடியும் தலையை உதறுவான்.

கால்நடை மருத்துவர் உண்ணி, சொறி, பூஞ்சை எல்லாம் பார்த்து முடித்து, “என்ன சாப்பிடுகிறான்?” என்றார்.

“கோழியும் சோறும்தான். குட்டியிலிருந்து ஆறு வருடமாக அதேதான். அதனால் சாப்பாடாக இருக்காது.”

“ஆறு வருடமாகச் சாப்பிடுவதால்தான் கேட்கிறேன்” என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் முன்பு இதே தவறை என் உடம்பிலும் செய்திருந்தேன். காவேரிப்பட்டணம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு. பெங்களூரா காய் பறிக்கும்போது காம்பிலிருந்து பீறிடும் பால் கையில் படாத வருடமே கிடையாது. நாற்பத்தொன்றாம் வயதில் மணிக்கட்டிலும் உதட்டோரத்திலும் கொப்புளம் கிளம்பியது. பால் பட்டு இரண்டு நாள் கழித்து வந்ததால் புது சோப்பைக் குறை சொன்னேன். அம்மாவோ, “பால்குடி மறந்த நாளிலிருந்து தின்ற பழம், இப்போது எப்படிச் சேராமல் போகும்?” என்று, மாம்பால்தான் காரணம் என்று சொன்ன மருத்துவரிடமே சண்டைக்குப் போனார்.

போகும். பெரும்பாலும் ஒவ்வாமை முதல் முறையிலேயே வருவதில்லை. உடம்பு அந்தப் பொருளை ஏற்கெனவே கண்டு, பகை என்று குறித்து வைத்திருக்க வேண்டும். இதை உலகுக்குக் காட்டியதும் நாய்கள்தான். 1902இல் பிரான்ஸின் சார்ல் ரிஷேயும் போல் போர்ட்டியேவும் கடல் சாமந்தி என்ற கடல் பிராணியின் நஞ்சை நாய்களுக்கு ஊசியில் ஏற்றினார்கள். முதல் முறை தாங்கிய நாய், சில வாரம் கழித்து அதைவிடக் குறைந்த அளவிலேயே நிமிடங்களில் செத்துப்போனது. ரிஷேக்கு 1913இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த நாய்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. மனிதருக்கும் இப்படி நேரலாம்: சாப்பிட்டவுடன் உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். என் மாம்பால் கொப்புளம் வேறு வகை. மெதுவாக வரும், உயிருக்கு ஆபத்தில்லை.

நாயின் உணவு ஒவ்வாமைக்கு இரத்தப் பரிசோதனையை நம்ப முடியாதாம். இதுவரை தின்னாததை மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரி அணை ஜிலேபி மீனை வேகவைத்து, முள்ளை விரலால் தடவித் தடவி எடுத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கோடு பிசைந்து போட்டேன். பிஸ்கட் கூடாது, பால் கூடாது. தெருவில் எலும்பு பொறுக்கிவிடுவானோ என்று கட்டியே வைத்திருந்தேன். அவன் பார்த்த பார்வைக்கு இரண்டு முறை அழுதுவிட்டேன்.

ஏழாவது வாரம் காது வாடை போனது. எட்டு வாரம் முடிந்ததும் மருத்துவர் சொன்னபடி மறுபடியும் கோழி வைத்தோம். மூன்றாம் நாள் இரவு, கட்டிலடியில் அந்தச் சப்தம்: சளக், சளக் என்று கால் நக்குகிற சப்தம். எழுந்து விளக்கைப் போட்டேன். அம்மாவும் எழுந்து வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. காலையில் கோழிச்சட்டியைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டார்.

இந்த ஆனியில் எனக்குப் பழத்தை அவரே தோல் சீவிக் கொடுத்தார், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு.