காற்றாடிமலையில் செலுத்திய நேர்ச்சை

மாமி நேர்ந்துகொண்டபடியே, மகனைத் தோளில் போட்டுக்கொண்டு காற்றாடிமலை ஏறி இறங்கிவிட்டோம். ஆண்டவருக்கு நன்றி, புனித தேவசகாயத்துக்கு நன்றி.

போனது ஜனவரி 14 அன்று. கிறிஸ்தவ விசுவாசத்தை விடாததற்காக 1752இல் புனித தேவசகாயத்தை இந்த மலையில் சுட்டுக் கொன்ற அதே நாள். பொங்கல் விடுமுறையும் சேர்ந்துகொண்டதால் ஆரல்வாய்மொழியில் இறங்கியதுமே மூச்சு முட்டியது. ஆட்டோவுக்கு வாய்க்கு வந்த கூலி கேட்டார்கள். மெழுகுவர்த்தி விற்பவர்கள் வழியை மறித்துக் கையில் திணித்தார்கள். புனிதரின் திருநாளன்று கைக்குழந்தைக்காரியிடமாவது நியாயமாக நடந்துகொள்ளக் கூடாதா? மாமி எதையும் காதில் வாங்கவில்லை. ஜெபமாலையை உருட்டிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார்.

இவன் வயிற்றில் இருந்தபோது ஸ்கேன் பார்த்தவர்கள், இதயத்துடிப்பு சரியில்லை, உறுதியாக எதுவும் சொல்வதற்கில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். அன்று இரவு மாமி என் தலைமாட்டில் உட்கார்ந்து வேதாகமத்திலிருந்து, எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் ஆகமத்தை வாசிக்கத் தொடங்கினார். "தேவசகாயம் ஆவதற்கு முன்னால், நட்டாலத்து நீலகண்ட பிள்ளையாக இருந்தவர் சொத்து அழிந்து மனமொடிந்து நின்றபோது, டிலனாய் துரை சொல்லிக் கொடுத்ததும் இந்தக் கதைதான், மக்களே. கேட்டுக்கொண்டே தூங்கு" என்றார். குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்ட அந்த டச்சுப் படைத்தலைவர் வாய்வழியே வந்த வேத வசனம் ஓர் அரண்மனை அதிகாரியை மறைசாட்சியாக்கியது. அதே வசனம்தான் என்னையும் அந்த மாதங்களில் தாங்கியது. தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கிடைக்கக் காரணமான புதுமையும், அதாவது அற்புதமும், 2013இல், துடிப்பு நின்றுபோனதாகச் சொல்லப்பட்ட ஒரு கருக்குழந்தைக்கு நடந்ததே. அதைச் சொல்லிச் சொல்லித்தான் மாமி மன்றாடினார்.

மேலே, புனிதரின் சிலையான சுரூபத்தின் முன் வெகுநேரம் நின்றேன். முழந்தாள், குவித்த கைகள், மணிக்கட்டில் விலங்கு. பளபளக்கும் முடியும் பட்டு ஆடையும் அணிந்த எத்தனையோ சுரூபங்களின் முன் வணங்கியிருக்கிறேன். இவரோ நம் ஊர்க்காரரைப் போல வேட்டியும் வெற்று மார்புமாக இருக்கிறார். விலங்கிட்ட கைகளையும் கும்பிடப் பயன்படுத்தியவர். மகனின் விரலைப் பிடித்து அந்தச் சங்கிலியைத் தொட வைத்தேன். அதற்கு மேல் எனக்கு ஜெபம் வரவில்லை, அழுகைதான் வந்தது.

மணியடிச்சான் பாறையருகே படம் எடுக்கிறவர்கள் விலகுவதாக இல்லை. கீழே ஒலிபெருக்கியில் கீபோர்டு தாளத்தோடு பாட்டு அலறிக்கொண்டிருந்தது. திருநாள் என்றால் இப்படி இரைச்சல் போட்டே ஆக வேண்டுமா என்று எரிச்சலாக இருந்தது. அப்போது கடற்கரை ஊரிலிருந்து வந்த ஒரு வயதான அம்மை, யாரையும் கேட்காமல், மைக் இல்லாமல், மன்றாட்டு மாலையைப் பழைய இழுவை ராகத்தில் எடுத்தார். ஒவ்வொரு அடிக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நான்கைந்து பேர் பதில் பாடினார்கள். பிறகு சுற்றி நின்ற எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். படம் எடுத்தவர்கள்கூடக் கைபேசியை மடக்கிவிட்டார்கள். வாத்தியம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அந்தக் குரலுக்கு நடுவே மாமி மகனின் கையில் சிறு கல்லைக் கொடுத்துப் பாறையில் தட்ட வைத்தார். கணீரென்று மணியோசை எழுந்தது. குண்டு பாய்ந்த வேளையில் இந்தப் பாறை மணியாக ஒலித்தது என்று முன்னோர் சொன்னதை நான் கேட்டு வளர்ந்தவள். என் பிள்ளையின் கையால் அதே ஓசை எழுந்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்தது. துடிக்குமா என்று சந்தேகப்பட்ட நெஞ்சு என் நெஞ்சோடு ஒட்டித் துடித்துக்கொண்டிருந்தது.

அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கமாகியிருக்கிறது. அங்கே போகாமல் நேர்ச்சை முடியாது என்று மாமி ஒரே பிடியாக நின்றார். உப்பும் மிளகும் காணிக்கை வைத்துவிட்டுக் கல்லறையருகே மண்டியிட்டோம். கேட்பதற்கு எதுவும் மிச்சமில்லை. நன்றி நன்றி என்றுதான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. மகனின் பெயரில் நன்றித் திருப்பலிக்கும் பணம் கட்டியாயிற்று. அவன் நடக்கத் தொடங்கியதும் புலியூர்க்குறிச்சிக்குக் கூட்டிப்போய், புனிதரின் முட்டி பட்டு நீர் சுரந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறைத் தண்ணீரைக் குடிக்க வைக்க வேண்டும் என்று மாமி அடுத்த நேர்ச்சையையும் போட்டுவிட்டார். புனித தேவசகாயமே, அதையும் நிறைவேற்ற எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.