நன்கொடையாக வந்த சக்கர நாற்காலிகளைக் காப்பாற்றி வைத்த பாடு

யாராவது உங்கள் சங்கத்துக்குப் போன் எடுத்து, "பாவித்த சக்கர நாற்காலி கொஞ்சம் இருக்கு, அனுப்பி வைக்கட்டுமா?" என்று கேட்டால், நன்றி சொன்ன கையோடு கால்தாங்கிகளைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். ஒவ்வொரு நாற்காலியின் கால்தாங்கி இரண்டையும் அதே நாற்காலியின் சட்டத்தில் கட்டித்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்லுங்கள். எங்களுக்கு வந்த லொறியில் நாற்காலிகள் எல்லாம் மடித்து ஒரு பக்கம், கால்தாங்கிகள் எல்லாம் உரச் சாக்கில் இன்னொரு பக்கம். கொம்பனிக்குக் கொம்பனி கொளுக்கி வேறு, குழாயின் தடிப்பு வேறு. கோயில் மண்டபத்துத் தரையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்ததில் பாதிக்கு மேல் சோடி சேரவில்லை. கால்தாங்கி இல்லாத நாற்காலியைத் தற்காலிகமாகக்கூட யாருக்கும் கொடுக்காதீர்கள். கால் தரையில் இழுபடும், எங்கள் பக்கத்து இறக்கத்தில் பாதம் முன்சக்கரத்தில் மாட்டினால் இருப்பவர் குப்புற விழுவார். கடைசியில் டவுனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாஸ் ஒருவர்தான் பழைய குழாய்களை வெட்டி ஒட்டிச் சிலவற்றைத் தேற்றித் தந்தார், கூலி வாங்க மறுத்துவிட்டார்.

நாங்கள் இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் இருக்கிறோம். ஊன்றுகோல், வோக்கர், கொமட் கதிரை (இருந்தபடியே மலசலம் கழிக்கிற கதிரை), சக்கர நாற்காலி எல்லாவற்றையும் இலவசமாக இரவல் கொடுப்பது, தேவை முடிந்ததும் வாங்கிக் கழுவித் திருத்தி அடுத்தவருக்குக் கொடுப்பது, இதுதான் எங்கள் சங்கத்தின் வேலை. பொருள் சேர்ப்பது பெரிய கஷ்டமில்லை. கொழும்பிலும் லண்டனிலும் கனடாவிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் கேட்டதும் தந்தார்கள். வந்ததை வைக்க ஓர் இடம், வெளியே போனது யாரிடம் இருக்கிறது என்ற கணக்கு, இந்த இரண்டும்தான் எங்கள் உயிரை வாங்கின. தலவாக்கலைப் பக்கமும் பொகவந்தலாவைப் பக்கமும் இதே வேலையை ஆரம்பிக்க யோசிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன், அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் இடம். தோட்டத்தில் பாவனையில்லாமல் கிடந்த பழைய பிள்ளைக் காம்பரா (தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை) ஒன்றைத் தர, தோட்ட மனேஜரான துரை வாயால் சம்மதித்துவிட்டார். எழுத்தில் வேண்டுமென்றால் எங்கள் சங்கம் பதிவு செய்யப்பட்டது என்று ஓர் அலுவலகத்தில் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள், அங்கேதான் பட்டோம். "போட்டோக்கொப்பி சரிவராது, ஒரிஜினல் கொண்டு வாங்க" என்றார் அங்கிருந்த எழுதுவினைஞர். ஒரிஜினல் பழைய செயலாளர் வீட்டு அலுமாரியில், அவரோ குவைத்தில், சாவி அவர் மாமியாரிடம். ஒருவழியாக எடுத்துக்கொண்டு போனால், பொறுப்பான உத்தியோகத்தர் பீல்ட் போய்விட்டார் என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கும் பிறகு போனபோது, வைக்கப்போகும் பொருட்களின் தொடரிலக்கத்தோடு பட்டியல் இல்லாமல் கடிதம் தர முடியாது என்றார்கள். பொருட்கள் கொழும்பில், அறை கிடைக்காமல் லொறியை அழைக்க முடியாது, லொறி வராமல் தொடரிலக்கம் எங்கிருந்து வரும்? எங்கள் பொருளாளர் அக்கா கொழுந்து பறிக்கிறவர். அலுவலகத்துக்கு வருகிற நாளெல்லாம் அவருக்குப் பேர் இல்லை, அதாவது அன்றைய நாட்சம்பளம் இல்லை. அதைச் சொன்னபோதும் அந்த எழுதுவினைஞர் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அடுத்த மேசையில் இருந்த ஒரு தங்கச்சிதான் எழுந்து வந்து, "எதிர்பார்க்கும் பொருட்கள் என்று தலைப்புப் போட்டு எண்ணிக்கையை மட்டும் எழுதுங்க அண்ணே, தொடரிலக்கத்தைப் பிறகு சேர்த்துக் குடுங்க" என்றார். தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்தில் கடிதம் கைக்கு வந்துவிட்டது. ஆகவே போகிறவர்கள் சான்றிதழின் ஒரிஜினலோடு சமாதான நீதவான் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றையும், எதிர்பார்க்கும் பொருட்களின் பட்டியலையும் சேர்த்தே கொண்டு போங்கள். பொறுப்பான உத்தியோகத்தர் ஆசனத்தில் இருக்கிறாரா என்று காலையில் போன் எடுத்துக் கேட்காமல் பஸ் ஏறாதீர்கள்.

லொறி கினிகத்தேனை வழியாக மழையில் வந்தது, தோட்டப் பாதையில் ஏறவில்லை, சந்தியில் இறக்கி இளைஞர்கள் தோளில் சுமந்து வந்தார்கள். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை.

வைத்த பிறகு வந்த எதிரி ஈரம். மே மாதம் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் செப்டம்பர் வரை எங்கள் பக்கம் துணியே காயாது, அப்படியான அறையில் ஸ்பொஞ்ச் இருக்கையும் இரும்புக் குழாயும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கூரை ஒழுகுகிறதே என்று சிலர் தறப்பாளால் இறுக்கி மூடி வைப்பார்கள், அதுதான் மோசம். உள்ளே ஈரம் அடைபட்டு, சில வாரங்களில் துணியெல்லாம் பூஞ்சணம் பிடித்துவிடும். பக்கங்களைத் திறந்து விட்டு, மேலே மட்டும் பந்தல் மாதிரிக் கட்டினால் போதும். தரையில் நேரே எதையும் வைக்காமல் பலகைத் தட்டில் ஏற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரம் குடித்து மணக்கிற ஸ்பொஞ்ச் மெத்தையைக் காயவைத்துக் கொடுக்கலாம் என்று ஆசைப்பட வேண்டாம், உள்ளே ஊறியதைக் கழுவி எடுக்க முடியாது. எறிந்துவிட்டு உறையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற பொருளை முதலில் சவர்க்காரத் தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவ வேண்டும், பிறகுதான் குளோரின் கரைசல், பத்து நிமிடம் விட்டு நல்ல தண்ணீரால் துடைக்க வேண்டும். அந்தக் கடைசித் துடைப்பை விட்டுவிட்டால் குளோரினே இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும்.

காற்று டயர் உள்ள நாற்காலிகளை காற்றில்லாமல் மாதக்கணக்கில் நிறுத்தினால் டயர் ஓரம் வெடிப்பு விட்டுவிடும். இன்னொன்று, சாதாரண நாற்காலியின் பிரேக் டயரை அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று குறைந்தால் பிரேக்கும் பிடிக்காது. சமதரையில் இது சின்ன விஷயம், எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாசல் இறக்கத்தில் அப்படியில்லை. அதனால் எங்கள் இரவல் படிவத்தில் முதல் வரியே காற்றும் பிரேக்கும்தான். ஊன்றுகோல் என்றால் அடி ரப்பர், தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால் புதிது மாட்டாமல் வெளியே போகாது.

அடுத்தது இலக்கம் போடுவது. ஸ்டிக்கர் ஒட்டினோம், அந்த ஈரத்தில் உரிந்து விழுந்தது. அழியாத மார்க்கர் என்று கடையில் தந்ததும் சவர்க்காரத்தில் போய்விட்டது. எங்கள் சங்கத்துப் பையன் ஒருவன் சோடா டின்னைக் கத்தரித்து, கீழே பழைய கொப்பியை வைத்து, போல்பொயின்ட் பேனையால் அழுத்தி எழுதிக் காட்டினான். எழுத்து தகட்டில் குழிந்து பதிந்துவிடுகிறது, மழையும் ஒன்றும் செய்யாது, தேய்த்துக் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. விளிம்பு கையைக் கீறாமல் மடித்து, ஓட்டை போட்டு, கேபிள் டையால் சட்டத்தில் கட்டுகிறோம். இலக்கத்துக்குக் கீழே சங்கத்தின் போன் நம்பரும் இருக்கிறது. அதே இலக்கத்தில் சின்னத் தகடுகள் இரண்டு கால்தாங்கிகளிலும், ஒன்று இருக்கை மெத்தையிலும். இதற்குப் பிறகு ஒரு கால்தாங்கிகூட சோடி மாறவில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

கணக்கு வைப்பது ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியில். போனில் போடலாமே என்று கேட்பார்கள், போடுகிறோம்தான், ஆனால் பாதி டிவிஷன்களில் சிக்னல் இல்லை, கொப்பிதான் முதல், போன் அதன் நகல். ஆட்களின் பெயரில் பக்கம் பிரிக்காதீர்கள். பொருளுக்கு ஒரு பக்கம். ச-11 என்ற நாற்காலிக்கு ஒரு பக்கம் இருந்தால் அது யாரிடமிருந்து வந்தது, இருக்கை எத்தனை அங்குலம், எப்போது என்ன திருத்தினோம், யார் யாரிடம் போனது எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஆள் மாறுவார், நாற்காலி அதேதான்.

விலாசம் எங்கள் தோட்டங்களில் பெரிய தலைவலி. பல லயங்களில் வீட்டுக்கு வீடு தனி இலக்கம் கிடையாது, கடிதமெல்லாம் தோட்ட ஒபீசுக்குத்தான் வரும். லெட்சுமி என்ற பெயரில் ஒரே டிவிஷனில் எத்தனை பேர்! அதனால் தோட்டம், டிவிஷன், லயம், எத்தனையாவது காம்பரா, கிராம சேவகர் பிரிவு, அடையாள அட்டை இலக்கம் என்று எல்லாவற்றையும் எழுதுகிறோம். இரவல் வாங்குபவரின் போனோடு இன்னொரு நம்பரும் கட்டாயம்: கணக்கப்பிள்ளை, கோயில் பூசாரி, பக்கத்துக் கடைக்காரர், யாராவது இடம் மாறாத ஒருவர். சிம் மாற்றுகிறவர்கள் அதிகம், முதல் நம்பரை நம்பி இருக்க முடியாது.

முற்பணம் வாங்க வேண்டும் என்று கூட்டத்தில் சிலர் பிடிவாதமாக நின்றார்கள். ஐயாயிரம் ரூபா வாங்கினால் பொருள் திரும்பி வரும் என்றார்கள். 2024இல் அடிப்படை நாட்சம்பளத்தைக் கூட்டியே 1,350 ரூபாதான் ஆக்கினார்கள், அந்தக் கணக்கில் ஐயாயிரம் என்பது கிட்டத்தட்ட நான்கு நாள் பேர். வீட்டில் ஒருவர் விழுந்து படுத்திருக்கிற நேரத்தில் அதை யார் கொண்டுவந்து தருவார்? பொருள் பத்திரமாக இருக்கும், எங்கள் அறையில் பூட்டின மாதிரியே இருக்கும். நான் கடைசி வரை எதிர்த்தேன், முற்பணம் இல்லை என்றே முடிவானது. அதற்குப் பதிலாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை போன் எடுத்துப் பேசுகிறோம். "நாற்காலி இருக்கா?" என்று கேட்பதில்லை, "ஐயாவுக்கு எப்படி இருக்கு, பிரேக் பிடிக்குதா?" என்று கேட்கிறோம். அப்படிக் கேட்டால் ஆட்கள் மறைக்காமல் சொல்கிறார்கள்.

ஆனாலும் ச-11 ஒருமுறை காணாமல் போய்விட்டது. வாங்கியிருந்த ஐயா காலமாகிவிட்டார், கருமாதி முடிந்து நாங்கள் போனபோது வீட்டில் நாற்காலி இல்லை. பக்கத்து லயத்து ஆளுக்குக் கொடுத்ததாக அம்மா சொன்னார், அவர் மஸ்கெலியாவில் இருக்கும் தன் தாய்க்குக் கொண்டுபோனாராம், அதற்கு அப்பால் யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நல்ல மனதோடுதான் கொடுத்திருக்கிறார்கள், யாரைக் கோபிப்பது? மாதங்கள் கழித்து ஒரு கிளினிக்கிலிருந்து தாதி ஒருவர் போன் எடுத்தார். இங்கே ஒரு பாட்டி வந்த நாற்காலியின் முன்சக்கரம் ஆடுகிறது, சட்டத்தில் உங்கள் நம்பர் இருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று. ச-11! பெரிங் மாற்றி, கால்தாங்கி உயரத்தைச் சரிசெய்து, அந்தப் பாட்டியிடமே விட்டுவிட்டு வந்தோம். கொப்பியில் புது வரி ஒன்று சேர்ந்தது, அவ்வளவுதான். இப்போது இரவல் தாளில் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறோம்: தேவை முடிந்தால் இன்னொருவருக்குக் கொடுக்க நினைத்தாலும் முதலில் எங்களுக்குச் சொல்லுங்கள். நாற்காலி ஆளுக்கு அளவாக இருக்க வேண்டும், பொருத்திப் பார்த்துப் பாவிக்கப் பழக்கிவிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2008ஆம் ஆண்டு வழிகாட்டியே சொல்கிறது. கைமாறிக் கைமாறிப் போகும்போது அந்த அளவு பார்க்கிற வேலைதான் விட்டுப்போகிறது.

அளவு என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இருக்கை 18 அங்குலம் என்றால் நாற்காலியின் முழு அகலம் 25, 26 அங்குலம் வரும். காம்பரா வாசலை அளந்து வரச் சொல்லாமல் கொடுக்காதீர்கள். வாசலில் படி, வெளியே ஏற்றம், மலசலகூடம் லயத்துக்குக் கோடியில். எங்களிடம் சக்கர நாற்காலி மிச்சமிருக்கிறது, கொமட் கதிரைக்கும் வோக்கருக்கும்தான் எப்போதும் ஆள் காத்திருக்கிறார்கள். தருகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

வாங்கவே கூடாதவையும் உண்டு. கனடாவிலிருந்து வந்த ஒக்சிஜன் இயந்திரம் 120 வோல்ட்டுக்குச் செய்தது, எங்கள் மின்சாரம் 230, நேரே மாட்டினால் கருகிவிடும். வோல்ட் சரியாக இருந்தாலும் ஈரத்தில் நெடுநாள் கிடந்த இயந்திரம் ஓடுகிற சத்தத்தை வைத்து நம்ப முடியாது, உள்ளிருக்கும் சல்லடைப் பொருள் ஈரத்தைக் குடித்து ஒக்சிஜனின் செறிவு குறைந்திருக்கும். வைத்தியசாலையில் அளந்து பார்க்காமல், டொக்டர் எழுதித் தராமல் நாங்கள் ஒன்றையும் கொடுப்பதில்லை. பாவித்த செயற்கைக் கால்களும் ஒரு பெட்டி வந்தன. அவை ஒருவருடைய காலின் மிச்சப் பகுதிக்கு அச்செடுத்துச் செய்தவை, அடுத்தவருக்கு அப்படியே மாட்ட முடியாது, புண்ணாகிவிடும். பாதம், மூட்டு போன்ற பாகங்களை செயற்கைக் கால் செய்கிற இடங்களில் கேட்டுப் பாருங்கள், எடுத்தால் கொடுத்துவிடுங்கள்.

சித்திரைப் புத்தாண்டு முடிந்ததும் முழுக் கணக்கெடுப்பு வைத்திருக்கிறோம், மழை தொடங்குமுன் எல்லா நாற்காலியையும் ஒருதரம் வெயிலில் போட்டு, பெரிங்குக்குக் கிரீஸ் வைத்து, கூரைத் தகரமும் இரண்டு மாற்ற வேண்டும். கொப்பியில் பக்கம் எப்படிப் பிரிக்கிறோம் என்று பார்க்க விரும்புகிற சங்கங்கள் அந்த நேரம் நேரில் வரலாம், பொருளாளர் அக்கா வேலை விட்டு வந்த பிறகு, மாலை ஐந்து மணிக்கு மேல்.