நான்காவது சுற்று

32-ஆவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியபோது எனக்கு முன்னாலும் பின்னாலும் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஒருவர்கூட இல்லை.

படைத்தளத்துக்குள் நடந்த சிறிய மாரத்தான் அது. வாயிலில் அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து காட்டி, கைப்பேசியை ஒப்படைத்த பிறகே உள்ளே விட்டார்கள். ஆகவே இந்த ஓட்டத்துக்குப் படம் எதுவும் இல்லை.

ஒரே பாதையை நான்கு முறை சுற்றிவர வேண்டும் என்பதால், காவல் கோபுரத்தின் அடியில் தண்ணீர்க் குவளையை நீட்டிக்கொண்டிருந்த இளம் சிப்பாயையும் நான்கு முறை சந்தித்தேன். முதல் சுற்றில் அவர் அணிவகுப்பில் நிற்பவரைப் போல விறைப்பாக நின்றார். மூன்றாவது சுற்றில் என் முகத்தைப் பார்த்து, கேட்காமலேயே இரண்டு குவளைகளை எடுத்து வைத்திருந்தார்.

ஓடுவதற்கான எரிபொருளாகத் தசைகளில் சேமித்து வைத்த கிளைக்கோஜன் பலருக்கும் 30 கிலோமீட்டரைத் தாண்டும்போது தீர்ந்துவிடுகிறது. அதன் பிறகு கால்கள் நம் சொல்லைக் கேட்பதில்லை. 1908-ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய 42.195 கிலோமீட்டரே 1921-இல் நிலையான தூரமாக ஏற்கப்பட்டது. அந்தக் கடைசி 195 மீட்டரை மனத்துக்குள் திட்டாத ஓட்டக்காரர் இருக்க முடியாது.

பெருநகர மாரத்தான்களில் கூட்டத்தின் ஆரவாரமே பாதித் தூரத்தைக் கடக்க வைத்துவிடும். இங்கே முள்வேலியும் என் காலணிச் சத்தமும் மட்டுமே துணை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான்காவது சுற்றில் அந்தச் சிப்பாய் குவளையை நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு, கனத்த பூட்ஸுடன், தண்ணீர் தளும்பத் தளும்ப என்னோடு சிறிது தூரம் ஓடிவந்தார்.