திருச்செங்கோட்டுப் படிகளில் ஒரு சலங்கை வேண்டுதல்

திருச்செங்கோட்டு மலையில் கால் வைக்க, பாதி சிவனும் பாதி உமையுமாக நிற்கும் அம்மையப்பன் அர்த்தநாரீசுவரர் கூப்பிட வேண்டும் என்று என் அத்தை சொல்வார். ஈரோட்டில் இருந்துகொண்டு, சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் திருச்செங்கோட்டுக்கு நான் போகாமல் இல்லை. பஸ்ஸில் மேலே போய், கும்பிட்டு, பஸ்ஸில் இறங்கிவிடுவேன். படியேறிப் போனது இந்த மாசியில்தான். அதுவும் என் வேண்டுதலுக்காக அல்ல. என் மாணவியின் அம்மா வைத்த வேண்டுதல் அது. மகளுக்கு அரங்கேற்றம் நடந்தால் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து ஏறுவேன், அவளுடைய சலங்கையைச் சுவாமி பாதத்தில் வைத்து வாங்குவேன் என்று அவர் முடிந்துவைத்த காசு ஆறு ஆண்டுகளாக மஞ்சள் துணியில் இருந்தது. தை மாதம் அரங்கேற்றம் நடந்தது. "நீங்களும் வர வேண்டும் டீச்சர்" என்றார். மறுக்க எனக்கு வாய் ஏது?

என் மாணவி திருநங்கை. பதினான்கு வயதில் என்னிடம் பரதநாட்டியம் கற்க ஆண்பிள்ளையாகச் சேர்ந்தவள். முழங்காலை மடித்து அரைமண்டியில் உட்கார்ந்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும். பத்தொன்பது வயதில், தான் பெண் என்பதை வீட்டில் சொல்லிவிட்டு, அடுத்த நாளே தாவணி கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்தாள். நான் அவளை வாசலிலேயே நிறுத்தினேன். "கொஞ்ச நாள் வராதே, மற்றப் பிள்ளைகளின் பெற்றோர் கேட்பார்கள்" என்றேன். எந்தப் பெற்றோரும் அதுவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. கேட்டது என் பயம்தான். அவள் ஒன்றும் பேசாமல், நான் தாளம் தட்டும் தட்டுமனையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். அதை இப்போது எழுதும்போதும் கை நடுங்குகிறது.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு விஜயதசமி அன்று, புதுப் பிள்ளைகளைச் சேர்க்கிற நேரத்தில், அவளுடைய அம்மா தனியாக வந்தார். கையில் வெற்றிலை, பாக்கு, பழத் தட்டு. "என் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளுங்கள் டீச்சர். பையனாகச் சேர்த்தது அன்றோடு போகட்டும். பெண்ணைப் புதிதாகச் சேர்க்கிறேன்" என்றார். தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் ஐந்து வயதுக் குழந்தைகளோடு வரிசையில் நின்று மறுபடியும் முதல் பாடமான தட்டடவிலிருந்து தொடங்கினாள். அந்த வேண்டுதல் அன்றைக்கு வைத்ததாம்.

மாசியில் நாங்கள் மூவரும் கிளம்பியது விடியற்காலை பஸ்ஸில். பள்ளிபாளையத்தில் காவிரியைத் தாண்டும்போது இன்னும் இருட்டு விலகவில்லை. ஊருக்குள் நுழைந்ததும் வழியெல்லாம் நிற்கும், ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு மேலே செந்நிறமாக மலை தெரிந்தது. மாணவியின் அம்மா பஸ்ஸிலேயே எழுந்து நின்று கும்பிட்டார். அது அவர் பிறந்த ஊர்.

அடிவாரத்தில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் இரண்டு பேர் சூழ்ந்துகொண்டார்கள். வரிசையில் நிற்காமல் நேரே சந்நிதியில் நிறுத்துகிறேன் என்றார் ஒருவர். மற்றவர் என் மாணவியைப் பார்த்துவிட்டு, "நீங்கள் வந்தால் யாரும் தடுக்க மாட்டார்கள், ஐந்நூறு கொடுங்கள் போதும்" என்றார். சாமி பார்க்க வந்த இடத்தில் மனிதரை எடை போட்டு விலை சொல்கிற இந்தக் கூட்டம் எந்தத் தலத்தில்தான் இல்லை! அம்மா அவர்களை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. முதல் படியில் குனிந்து மஞ்சளைத் தடவினார்.

1,200 படிகளுக்கு மேல். அம்மாவுக்கு முழங்கால் வலி. அவர் மஞ்சள் வைக்க, மகள் குங்குமம் வைக்க, சலங்கைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நான் பின்னால் ஏறினேன். என் தோளில் அந்தச் சலங்கை ஒவ்வொரு படிக்கும் ஒரு முறை பேசியது. மாசி வெயில் ஏழரை மணிக்கே முதுகில் அறைந்தது. பாறையில் 60 அடி நீளத்துக்குப் படுத்திருக்கும் நாகரைச் சுற்றி நெரிசல். குங்குமம் போடுவதற்கு இடித்துக்கொண்டு, குழந்தைகளை மிதிக்காத குறை. பாதிப் பேர் நாகரைப் பார்த்தார்கள், பாதிப் பேர் எங்களைப் பார்த்தார்கள்.

நாகரைத் தாண்டியதும் எங்களிடம் இருந்த குங்குமம் தீர்ந்துபோயிற்று. படி பூஜையைப் பாதியில் நிறுத்தக்கூடாது. கீழே இறங்கி வாங்கி வர அம்மாவால் முடியாது. மகள் இறங்கத் திரும்பியபோது, எங்களுக்குப் பின்னால் படி பூஜை செய்துகொண்டு வந்த பெண்களில் மூத்தவர் தன் குங்குமத் தூக்குப்பாத்திரத்தை நீட்டினார். திருநங்கையைக் கண்டால் தலையை நீட்டி ஆசீர்வாதம் கேட்பவர்கள் உண்டு. என் மாணவிக்கு அது பிடிக்காது. "ஆசி வாங்குவார்கள் டீச்சர், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்" என்பாள். இந்த அம்மாளும் அப்படித்தான் கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என் தோள் பையைக் காட்டி, "சலங்கைச் சத்தமா? ஆடுகிற பிள்ளையா?" என்று மட்டும் கேட்டார். "ஆமாம் பாட்டி" என்றாள். "பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடு கண்ணு" என்று சொல்லி அவள் கை நிறையக் குங்குமத்தைக் கொட்டினார். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

அதற்கும் மேலே, அறுபதாம் படி என்றே பெயர் பெற்ற இடத்தில் சத்தியம் செய்வது அந்த ஊர் வழக்கம். அங்கே நின்று பொய் சொல்ல முடியாது என்பார்கள். நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கியது என்று அவர்கள் நினைத்திருப்பார்கள்.

முப்பது ஆண்டுகளாக நடனம் சொல்லித்தருகிறேன். அலாரிப்பிலிருந்து தில்லானா வரை, தஞ்சை நால்வர் என்னும் சகோதரர்கள் முறைப்படுத்திய வரிசையில்தான் எங்கள் கச்சேரி. அந்த நால்வரின் வழிவந்த கிட்டப்பா பிள்ளை, மதுரையிலிருந்து வந்த நர்த்தகி நடராஜைச் சீடராக ஏற்றுத் தம்மிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தார். அந்தச் சீடருக்கு 2011க்கான சங்கீத நாடக அகாதமி விருது வந்தது. 2019இல் பத்மஸ்ரீ வந்தது. திருநங்கை ஒருவர் பெற்ற முதல் பத்ம விருது அது. அந்தச் செய்தியை வெட்டி வகுப்புச் சுவரில் ஒட்டியவள் நான். என் வாசலுக்கு வந்த பிள்ளையைத் திருப்பி அனுப்பியவளும் நான்தான். இத்தனைக்கும் மெலட்டூர் பாகவத மேளா நாட்டிய நாடகத்தில் ஆண்கள் பெண் வேடம் கட்டி ஆடுவதைப் பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். வேடம் என்றால் வியக்கிறோம். வேடம் இல்லை, இதுதான் நான் என்று ஒருத்தி வந்து நின்றால் கதவைச் சாத்துகிறோம்.

அவள் திரும்பி வந்த பிறகும் என் அறியாமை போய்விடவில்லை. அரங்கேற்றத்துக்கு அர்த்தநாரீசுவரர் உருப்படி ஒன்றை அமைத்து, ஆசையாகக் காட்டினேன். வலப்பக்கம் ஐயனின் வீறான தாண்டவம், இடப்பக்கம் அம்மையின் மென்மையான லாஸ்யம். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "எல்லோரும் எனக்கு இதைத்தான் தருகிறார்கள் டீச்சர். நான் பாதி இல்லை, முழுப் பெண். எனக்கு நாயகியாக ஒரு வர்ணம் வேண்டும்" என்றாள். சரிதானே! மற்ற மாணவிகளுக்கு அவர்களுடைய குரலுக்கும் காலுக்கும் ஏற்ற பாட்டைத் தேடுகிற நான், இவளுக்கு மட்டும் இவள் பிறப்புக்கு ஏற்ற பாட்டைத் தேடியிருக்கிறேன். கச்சேரியின் மையமான வர்ணத்தைப் பைரவி ராகத்தில் ஆடினாள். முக்கால் மணி நேரம். தோழியிடம் அவள் முறையிட்ட இடத்தில் மிருதங்கக்காரர் ஒரு நொடி கையை எடுத்துவிட்டார்.

அன்று திருவெம்பாவையிலிருந்து ஒரு பாடலும் வைத்திருந்தோம். மார்கழியில் சிவன் கோயில்களில் பாடுகிற "அண்ணாமலையான் அடிக்கமலம்". அதில் "பெண்ணாகி ஆணாய் அலியாய்" என்று மணிவாசகர் சுவாமியைப் பாடுகிற இடம் வரும். அந்த மூன்றாவது சொல்லைத் தெருவில் இவள் எத்தனை முறை வசையாகக் கேட்டிருப்பாள்! "அந்த வரியை விட்டுவிடலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம் டீச்சர். பெண்ணாகி என்ற இடத்தில் நான் இருக்கிறேன். அடுத்து வருவது என்னைத் திட்டிய சொல். அதைச் சுவாமி தம்மேல் போட்டுக்கொண்டிருக்கிறார். நாம் எதற்கு ஒளிக்க வேண்டும்?" என்றாள். மேடையில் அந்தச் சொல் வந்தபோது எந்த முத்திரையும் பிடிக்கவில்லை. சமபாதத்தில் நின்று, கைகளைத் தொங்கவிட்டு, சபையை நேராகப் பார்த்தாள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த மேடையும் எளிதாகக் கிடைத்ததல்ல. முதலில் கேட்ட ஒரு சபா, விண்ணப்பத்தில் ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்துக்குள் எதை நிரப்பினாலும் ஒரு கேள்வி கேட்டது. ஒப்பனை அறை எந்தப் பக்கம் தருவது என்று ஒரு மாதம் யோசித்துவிட்டுத் தேதி இல்லை என்றது. கடைசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஆடினாள்.

இதையெல்லாம் அறுபதாம் படியில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டு, கையைப் படியில் வைத்து மனத்துக்குள் ஒன்று சொன்னேன். என்ன சொன்னேன் என்பது எனக்கும் சுவாமிக்கும் இருக்கட்டும்.

மேலே போனபோது பத்து மணி தாண்டிவிட்டது. வரிசை நகரவே இல்லை. பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், முன்னால் இருப்பவர்கள் செல்போனில் பேசுகிறார்கள். தூண்களில் இருக்கிற சிற்பத்தையெல்லாம் பார்க்கவிடாமல் கூட்டம் அடித்துக்கொண்டு போயிற்று. பிருங்கி முனிவரை மட்டும் பார்த்தேன், மூன்று கால்களோடு. அம்மையை விட்டுவிட்டு ஐயனை மட்டும் சுற்றியவர். அதனால் ஊனும் உதிரமும் போய் எலும்பாக நின்றவர். அவரைத் தாண்டிப் போக என் கால் தயங்கியது. என்னைத்தான் அங்கே நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

பிறகு சந்நிதி. எத்தனை முறை பார்த்த திருமேனி! வலப்பக்கம் வேட்டி, கையில் தண்டு. இடப்பக்கம் சேலை, இடுப்பில் வைத்த கை. இத்தனை நாளும் வலம் இவர், இடம் இவள் என்று பிரித்தே பார்த்திருக்கிறேன். பாடமும் அப்படித்தான் எடுத்திருக்கிறேன். அன்று தீபம் உயர்ந்தபோது இரண்டும் சேர்கிற கோட்டைத் தேடினேன். காணவில்லை. முகம் ஒன்று. பார்வை ஒன்று. கண்ணீரில் எனக்கு எல்லாம் கலங்கிவிட்டது, அம்மையே, அப்பனே!

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, "பெயர், நட்சத்திரம் சொல்லுங்கள்" என்றார். அம்மா பேசவில்லை. எனக்கு விஷயம் தெரியும். வீட்டில் மகளைப் புதுப் பெயரால்தான் கூப்பிடுவார். கோயிலில் மட்டும் இந்நாள் வரை பழைய பெயருக்கே அர்ச்சனை செய்துவந்தார். சுவாமிக்குத் தெரிந்த பெயர் அதுதானே, மாற்றிச் சொன்னால் வேண்டுதல் வேறு யாருக்கோ போய்விடுமோ என்று அவருக்கு ஒரு பயம். மகளும் அதை ஒரு நாளும் தட்டிக் கேட்டதில்லை. பின்னால் நின்றவர்கள் "சீக்கிரம், சீக்கிரம்" என்றார்கள். அர்ச்சகர் மறுபடியும் கேட்டார். அம்மா நிமிர்ந்து, கர்ப்பக்கிருகத்தைப் பார்த்துக்கொண்டே, மகளின் பெயரைச் சொன்னார். அவளே தனக்கு வைத்துக்கொண்ட பெயர். "உத்திராடம்" என்றார். நட்சத்திரம் மாறவில்லை. அர்ச்சகர் அந்தப் பெயரைச் சங்கல்பத்தில் சொன்னார். மணி அடித்தது. என் மாணவி அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு குழந்தைபோல் அழுதாள்.

சலங்கையை உள்ளே கொண்டுபோய்ப் பாதத்தில் வைத்து, பூவோடு திருப்பிக் கொடுத்தார்கள். திருவடியில் ஊறும் தேவதீர்த்தத்தை அம்மா தான் குடிக்காமல் மகள் தலையில் தெளித்தார், மிச்சத்தை என் தலையிலும். அந்தக் குளிர்ச்சி உச்சியிலிருந்து இறங்கியபோது, இதற்கு நான் என்ன செய்திருக்கிறேன், எனக்கு ஏன் இத்தனை கருணை என்றுதான் இருந்தது. வேலவர் சந்நிதியில் என்ன கும்பிட்டேன், எப்போது பிரசாதம் வாங்கினேன், எதுவும் வரிசையாக நினைவில்லை.

ஒன்று மட்டும் நினைவிருக்கிறது. கிளம்பும் முன் இன்னொரு அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன். என்னிடம் நான்கு ஆண்டுகள் படித்த ஒரு பையன் இருந்தான். அவன் ஆணாகவே இருந்தான், ஆண்களை நேசித்தான். பதம் என்னும் அபிநயப் பாடல் ஒன்றை நாயகியாக ஆட ஆசைப்பட்டான். "இடுப்பை நெளிக்காதே, ஆண்பிள்ளையாக ஆடு" என்று எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. ஆழ்வார்கள் நாயகியாகி உருகியதைப் பாடமாக எடுக்கிற வாயால்தான் அதைச் சொன்னேன்.

அர்ச்சகர் பெயர் கேட்டார், சொன்னேன். நட்சத்திரம் கேட்டார். தெரியவில்லை என்றேன்.

"சரி, சுவாமி பெயருக்கே செய்துவிடலாம்" என்றார்.

அந்தக் குங்குமப் பொட்டலம் இப்போது வகுப்பு அலமாரியில், தட்டுக்கழிக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவனுடைய பழைய வீட்டு முகவரியை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.