தண்ணீர் இழுக்காத வாரம்

2024 மார்ச் 9, சனி

மலேசியக் கடற்கரை ஊரான போர்ட்டிக்சன். மூன்று வாரம் கரையில் நின்ற படகு நேற்று மாலை தண்ணீரில் இறங்கியது. அடிப்பக்கம் சுரண்டிப் புது பெயின்ட் அடித்தாயிற்று. கடல் தண்ணீர் ஓடும் குழாய்களையும் பட்டறையில் மாற்றிக் கொடுத்தார்கள். இன்று காலை ஏசியைப் போட்டேன். பம்ப் உறுமுகிறது, படகின் விலாவில் தண்ணீர் விழும் வாயில் ஒரு சொட்டு இல்லை. கொஞ்ச நேரத்தில் திரையில் எச்.பி.எஃப். என்று வந்து கம்ப்ரசர் நின்றுவிட்டது.

வீட்டு ஏசி அறையின் சூட்டை வெளியே கொண்டுபோய்க் காற்றில் ஊதிவிடும். படகில் அப்படி ஒரு வெளி யூனிட் கிடையாது. அடியிலிருந்து கடல் தண்ணீரை எடுத்து, கண்டென்சர் சுருளுக்குள் ஓடவிட்டு, சூட்டை அதன் தலையில் ஏற்றித் திரும்பக் கடலுக்கே அனுப்பும். தண்ணீர் ஓடவில்லை என்றால் ஏசிக்குள் இருக்கும் குளிரூட்டும் கேஸின் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். மிஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். அந்த மூன்று எழுத்து சொல்வது அதைத்தான்.

கரையேற்றி இறக்கினால் குழாய் முழுக்கக் காற்றுதான் இருக்கும். இந்த பம்புக்குத் தண்ணீரைத் தள்ளத் தெரியும், காற்றை உறிஞ்சத் தெரியாது. அதனால்தான் அதை நீர்மட்டத்துக்குக் கீழே வைக்கிறார்கள். தண்ணீர் தானாக வந்து அதன் வயிற்றை நிரப்ப வேண்டும்.

பிரேக்கரை அணைத்துவிட்டு, படகின் அடியில் கடல் தண்ணீர் உள்ளே வரும் அடி வால்வைப் பாதி திறந்தேன். பம்புக்கு முன்னால் குப்பையைப் பிடிக்கும் வடிகட்டியின் மூடியை அரைச் சுற்று தளர்த்தியதும் உஸ்ஸென்று காற்று போனது. ஓரத்தில் தண்ணீர் கசிந்ததும் இறுக்கினேன். அடுத்து பம்பின் மேல்வாயில் இருக்கும் குழாயின் கிளிப்பைத் தளர்த்தினேன். ஸ்க்ரூட்ரைவரால் குழாயின் உதட்டை லேசாக நெம்பினால் முதலில் காற்று, பிறகு எச்சில் துப்புவதுபோல நுரைத் தண்ணீர், கடைசியில் கண்ணாடி மாதிரித் தெளிந்த தண்ணீர். குமிழி நிற்கும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். கிளிப்பை முடுக்கி, வால்வை முழுதாகத் திறந்து, பம்பைப் போட்டதும் விலாவில் தண்ணீர் கொட்டியது. கேபின் 24 டிகிரிக்கு இறங்க ஒன்றரை மணி நேரம் ஆனது.

மார்ச் 10, ஞாயிறு

இரவு குளிராக இருந்ததால் அணைத்துவிட்டுத் தூங்கினோம். காலையில் போட்டால் திரும்ப அதே கதை. சொட்டு இல்லை. மறுபடி காற்றை எடுத்தேன், ஓடியது.

மனைவி வாளியும் கைபேசியுமாகப் பான்டூனில், படகு கட்டியிருக்கும் மிதவை மேடையில், நின்று அளந்தாள். 10 லிட்டர் வாளி நிறைய 1 நிமிடம் 40 வினாடி, அதாவது நிமிடத்துக்கு 6 லிட்டர். எங்கள் ஏசியின் குளிரூட்டும் திறன் 12,000 பி.டி.யு. அதற்கு நிமிடத்துக்கு 11 லிட்டராவது வேண்டும். இங்கே கடலே 30 டிகிரியில் இருக்கும்போது பாதித் தண்ணீரை வைத்துக்கொண்டு எந்த மிஷினும் தாங்காது.

மார்ச் 12, செவ்வாய்

வேலை முடிந்து வந்து வடிகட்டியைக் கழற்றினேன். கொஞ்சம் கடல்புல், ஒரு பிளாஸ்டிக் துணுக்கு. மூடியின் ரப்பர் வளையம் ஒரு பக்கம் தட்டையாகி இருந்தது. பம்ப் இழுக்கும் பக்கத்தில் ஊசி முனை அளவு இடைவெளி போதும், தண்ணீர் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். புது வளையம், சிலிக்கான் கிரீஸ். இதோடு தீர்ந்தது என்று நினைத்தேன்.

மார்ச் 13, புதன்

தீரவில்லை. ஆனால் ஒன்று பிடிபட்டது. ஓடிக்கொண்டே இருந்தால் பிரச்சினை இல்லை, நின்று எழுந்தால்தான் அடம் பிடிக்கிறது. கம்ப்ரசரோடு சேர்ந்து பம்பும் நிற்கும்படி இருந்த அமைப்பை மாற்றி, பம்ப் மட்டும் நிற்காமல் ஓட விட்டிருக்கிறேன். இது தற்காலிகம்தான்.

இரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். எஸ்டேட் பம்ப் வீட்டில் பல வருஷம் வேலை பார்த்தவர். "காத்து எங்கியோ உட்கார்ந்திருக்குடா. குழாய் எங்கியாவது மேல ஏறி எறங்குதான்னு பாரு. அந்த மேட்டுலதான் நிக்கும்" என்றார்.

மார்ச் 14, வியாழன்

தரைப் பலகையைத் தூக்கி, டார்ச்சோடு குப்புறப் படுத்தேன். வடிகட்டியிலிருந்து பம்ப் வரை பட்டறையில் போட்ட குழாய் தேவைக்கு மேல் நீளம். மிச்ச நீளம் ஒரு குறுக்குக் கட்டையின் மேல் பூனை முதுகு மாதிரி வளைந்து ஏறி, பிறகு பம்புக்கு இறங்குகிறது. ஓடும்போது சிறு குமிழிகள் தண்ணீரோடு போய்விடும். பம்ப் நின்றதும் எல்லாம் அந்த முதுகில் ஒன்றுகூடி அடைத்துக்கொள்ளும். கடல் குழாய் அடியிலிருந்து வெளியேறும் வாய் வரை ஏறுமுகமாக மட்டுமே போக வேண்டும். குழாய் புதிதா என்று மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தேனே, பாதையைப் பார்க்கவில்லையே என்ற வருத்தம் இன்னும் போகவில்லை.

அடி வால்வை மூடி, வால்வு கைவிட்டால் ஓட்டையை அடைக்கக் கையோடு மர ஆப்பு ஒன்றும் வைத்துக்கொண்டு, குழாயில் ஒரு சாண் வெட்டி எடுத்தேன். கட்டைக்குக் கீழே செலுத்தி, இரண்டு முனையிலும் இரட்டை கிளிப். காற்றை எடுத்தேன். அணைத்துப் போட்டேன். ஐந்து முறையும் உடனே தண்ணீர்.

மார்ச் 16, சனி

இழுப்பது சரியாகிவிட்டது, அளவு இன்னும் குறைவு. வாளி நிறைய 75 வினாடி. சுருளுக்குள் சுண்ணாம்பும் குட்டிச் சிப்பிகளும் படிந்திருக்கும். உள்ளே போவது, வருவது இரண்டு குழாயையும் கழற்றி, ஒரு வாளியில் சிட்ரிக் அமிலம் கரைத்து, சின்ன பம்ப் வைத்து மூன்று மணி நேரம் சுற்றவிட்டேன். முதல் பத்து நிமிடம் வாளியில் சோடா மாதிரி நுரை. பிறகு அடியில் மணல் போலச் சாம்பல் நிறத் துகள்கள், நகக்கண் அளவில் ஓர் ஓட்டுத் துண்டு. நுரை அடங்கியதும் நல்ல தண்ணீர் விட்டு அலசி மாட்டினேன். காற்று வடிகட்டியில் மெத்தை மாதிரிப் படிந்திருந்த தூசியையும் கழுவினேன்.

இப்போது வாளி 52 வினாடியில் நிறைகிறது. உள்ளே இழுக்கும் காற்று 27, வெளியே ஊதுவது 17 டிகிரி.

மதியம் அப்பா பஸ் ஏறி வந்தார். கேபினுக்குள் போகும் முன்பே பான்டூனில் குந்தி, விலாவில் கொட்டும் தண்ணீரில் கையை வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"வெதுவெதுன்னு வருது. சூட்டைத் தூக்கிட்டுப் போவுது" என்றார்.