பிரிட்டனின் ரகசிய பதுங்குகுழி: 1:35 ஸ்கேல்ல செஞ்சுட்டு இருக்கேன்

ரெண்டாம் உலகப் போர்ல பிரிட்டன் வச்சிருந்த ஆக்ஸிலரி யூனிட்ஸ்ங்கிற ரகசியப் படை பத்தி படிச்சதுல இருந்தே அவங்க பதுங்குகுழியை மாடலா (நிஜத்துல 35ல ஒரு பங்கு அளவுல) பண்ணணும்னு ஆசை, இப்போ பாதி வேலை முடிஞ்சிருக்கு. தெரியாதவங்களுக்கு: 1940ல பிரான்ஸ் விழுந்ததும் அடுத்து ஜெர்மன்காரன் கடல் தாண்டி வந்துடுவான்னு பயம், அப்போ காலின் கப்பின்ஸ்ங்கிற ராணுவ அதிகாரி தலைமையில விவசாயி, காட்டுக் காவல்காரர்னு அந்தந்த ஊர் மண்ணு தெரிஞ்ச ஆளுங்களா பொறுக்கி எடுத்து இங்கிலாந்துல இருந்த கோல்ஸ்ஹில் மாளிகைல வெடி வைக்கவும் சத்தமில்லாம கொல்லவும் பழக்குனாங்க. பாக்குறவங்களுக்கு சாதாரண ஹோம் கார்டு, அதாவது உள்ளூர் தன்னார்வக் காவல் படை ஆளுங்க. எதிரி இறங்கிட்டா மண்ணுக்கடில போயிடணும், ராத்திரி வெளில வந்து பெட்ரோல் கிடங்கு, ரயில் பாதைனு தகர்க்கணும். உள்ள சாப்பாடு ரெண்டு வாரத்துக்குத்தான், ஏன்னா அதுக்கு மேல அவங்க உயிரோட இருப்பாங்கன்னு யாரும் எதிர்பாக்கல.

குழி சுமார் 20 அடி நீளம், 10 அடி அகலம்னு வச்சுக்கிட்டேன், நம்ம ஸ்கேல்ல நீளம் கிட்டத்தட்ட பதினேழரை சென்டிமீட்டர் வருது. வளைஞ்ச தகரக் கூரைக்கு கனமான அலுமினியம் ஃபாயிலை ஒரு நீள போல்ட்டோட மரை மேல வச்சு அழுத்தி உருட்டுனேன், நெளி அச்சு அசலா விழுந்துச்சு. துருவுக்கு பழுப்பு பெயின்டை ஸ்பாஞ்சால ஒத்தி எடுத்தேன். ரெண்டு பக்கமும் படுக்கை, நடுவுல மேஜை, கோடில தப்பிக்கிற சுரங்கம். அடுப்புப் புகையை மரத்துக்குள்ள குழாய் விட்டு மேல அனுப்புன இடங்களும் உண்டு, அதையும் வச்சிருக்கேன்.

ஒரு பக்கம் வெட்டித் திறந்த மாதிரி பண்றேன். மேல காடு, சருகு, அங்க விறகு பொறுக்குற ஒரு சின்னப் பொண்ணு. கீழ அவ அப்பா டைம் பென்சில் (கொஞ்ச நேரம் கழிச்சு வெடிக்க வைக்கிற, பென்சில் மாதிரி கருவி) டப்பாவை அடுக்கிட்டு இருக்காரு. இந்தப் பொண்ணு இல்லாம இந்த மாடலே வேண்டாம்னு தோணுச்சு. இந்தப் படை ஆளுங்க ரகசியக் காப்புச் சட்டத்துல கையெழுத்து போட்டவங்க, பொண்டாட்டிகிட்ட கூட மூச்சு விடல, திடகாத்திரமா இருந்துட்டு ஏன் போருக்குப் போகலன்னு ஊர்ல கேட்டப்பவும் வாயைத் திறக்கல. 1944 நவம்பர்ல கலைச்சப்போ வெளிப்படையா எந்த மரியாதையும் கிடைக்காதுன்னு சொல்லிட்டு, சிவப்பும் நீலமுமா ஒரு குட்டி பேட்ஜ் மட்டும் குடுத்தாங்க. அப்பா செத்தப்புறம்தான் நிறைய பிள்ளைங்களுக்கு விஷயமே தெரிஞ்சுது. எனக்கு மனசு ஆறவே மாட்டேங்குது.

மிச்சம் இருக்குறது நுழைவு மூடி. எதிர் எடை கட்டி மேல தூக்குற மாதிரி இருந்த வகையைத்தான் பண்ணப்போறேன், மீன்பிடி ஈயக்குண்டும் தையல் நூலும் வாங்கி வச்சாச்சு. மூடி மேல நிஜ மண்ணை சலிச்சு ஒட்டணும், பசை காஞ்சப்புறமும் மூடி லேசா தூக்க வரணும், அதனால முதல்ல ஒரு தெர்மாகோல் துண்டுல டெஸ்ட் பண்ணிட்டு அடுத்த ஃபோட்டோ போடுறேன்.